சதுரங்கத்தில் வென்றார், வாழ்க்கையில் தோற்றார்!

பால் மார்பியின் கதை

நியூயார்க் நகரம். 1857-ம் ஆண்டு நவம்பர் மாதம் 8-ந் தேதி.

இரண்டு வாலிபர்கள் எதிர் எதிரே உட்கார்ந்து இருந்தார்கள். நடுவே ஒரு சதுரங்கப் பலகை. சுற்றிலும் கூட்டம்.

ஒருவருக்கு வயது 24. பெயர் லூயி பால்சன். மற்றவருக்கு வயது 20. பெயர் பால் மார்பி. குட்டையான உருவம். மெலிந்த உடம்பு. மீசை அரும்பாத முகம். அவரைப் பார்த்தால் பள்ளிக்கூடத்துப் பையன் என்றே நினைக்கத் தோன்றும்.

மார்பி பலகையை உற்றுப் பார்த்தார். அவர் அதிக நேரம் யோசித்து ஆடுகிறவர் அல்ல. ஆனால் அன்று சில நிமிடங்கள் யோசித்தார். பிறகு கையை நீட்டினார். தன்னுடைய ராணியை எடுத்து, பால்சனின் மந்திரியை வெட்டினார்.

கூட்டம் திடுக்கிட்டது!

அந்த மந்திரிக்குக் காவலாக ஒரு சிப்பாய் நின்றது. அடுத்த ஆட்டத்திலேயே அந்தச் சிப்பாய் ராணியை வெட்டிவிடும். சதுரங்கத்தில் ராணிதான் பலம் மிகுந்த காய். ஒரு மந்திரிக்காக யாராவது ராணியைப் பலி கொடுப்பார்களா? பையனுக்குக் கை தவறிவிட்டதா?

கை தவறவில்லை. அந்த ஆட்டத்தில் ஜெயித்தவர் மார்பிதான்.

அடுத்த ஆண்டு அவர் கடல் கடந்து போய், ஐரோப்பாவின் பெரிய ஆட்டக்காரர்களையும் தோற்கடித்தார். 21 வயதில் உலகிலேயே சிறந்த சதுரங்க வீரர் என்று பெயர் எடுத்தார். 22 வயதில், ஏறக்குறைய ஆட்டத்தையே விட்டுவிட்டார்!

ஏன் விட்டார்? விட்ட பிறகு என்ன ஆனார்? அதுதான் இந்தக் கதை.

நீதிபதியின் மகன்

அமெரிக்காவின் தென்கோடியில் மிசிசிப்பி ஆற்றின் கரையில் உள்ள ஊர் நியூ ஆர்லியன்ஸ். அந்தக் காலத்தில் பிரெஞ்சு மொழியும் ஆங்கிலமும் கலந்து ஒலித்த ஊர். பாட்டும் நாடகமும் நிறைந்த ஊர்.

அங்கே 1837-ம் ஆண்டு ஜூன் மாதம் 22-ந் தேதி பால் மார்பி பிறந்தான். தகப்பனார் பெயர் அலான்சோ மார்பி. அவர் பெரிய வக்கீல். பின்னர் லூசியானா மாநிலத்தின் உயர்ந்த கோர்ட்டில் நீதிபதியாகவும் இருந்தார். தாயார் பிரெஞ்சுக் குடும்பத்தைச் சேர்ந்தவர். சங்கீதத்தில் தேர்ந்தவர். வீட்டில் பணத்துக்குக் குறைவு இல்லை.

தகப்பனாருக்குச் சதுரங்கத்தில் ஆசை உண்டு. சித்தப்பா எர்னஸ்ட் மார்பிக்கு அது வெறி. ஓய்வு நாட்களில் அண்ணனும் தம்பியும் பலகையை விரித்து உட்காருவார்கள். சிறுவன் பால் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பான். யாரும் அவனுக்கு ஆட்டத்தைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஒரு நாள் ஒரு நீண்ட ஆட்டம் முடிந்தது. சித்தப்பா ஜெயித்திருக்க வேண்டிய ஆட்டம் அது என்று சிறுவன் சொன்னானாம். பெரியவர்கள் சிரித்தார்கள். சிறுவன் காய்களைப் பழையபடி அடுக்கினான். எந்த இடத்தில் தவறு நடந்தது, எப்படி ஆடியிருந்தால் வெற்றி கிடைத்திருக்கும் என்று நகர்த்திக் காட்டினான். பெரியவர்கள் வாயடைத்துப் போனார்கள். மார்பியின் குடும்பத்தில் சொல்லப்பட்டு வந்த கதை இது.

படைத் தலைவருக்கு வந்த கோபம்

1846-ம் ஆண்டு. மெக்சிகோ நாட்டுடன் அமெரிக்கா போர் நடத்திக்கொண்டிருந்த சமயம். அமெரிக்கப் படைத் தலைவர் வின்பீல்டு ஸ்காட் நியூ ஆர்லியன்சுக்கு வந்தார். அவருக்குச் சதுரங்கம் நன்றாகத் தெரியும். அன்று இரவு தன்னுடன் ஆட நல்ல ஆட்டக்காரர் ஒருவர் வேண்டும் என்று கேட்டார்.

ஆறு அடிக்கு மேல் உயரம் கொண்ட அந்தத் தளபதியின் எதிரே கொண்டு வந்து உட்கார வைத்தது யாரை தெரியுமா? 9 வயதுச் சிறுவன் பாலை!

தளபதிக்குக் கோபம் வந்துவிட்டது. தன்னைக் கேலி செய்கிறார்கள் என்று நினைத்தார். உண்மையிலேயே ஊரின் நல்ல ஆட்டக்காரன் இவன்தான் என்று மற்றவர்கள் சமாதானப்படுத்தினார்கள். ஆட்டம் தொடங்கியது. தளபதி தோற்றார். மறு ஆட்டம் நடந்தது. அதிலும் தோற்றார். சிறுவன் தூங்கப் போனான்.

1850-ம் ஆண்டு மற்றொரு பெரிய ஆட்டக்காரர் வந்தார். அவர் பெயர் லோவென்தால். ஹங்கேரி நாட்டில் புரட்சி தோற்றதால் நாட்டை விட்டு ஓடி வந்தவர். சதுரங்கத்தை நம்பி ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார். 12 வயதுச் சிறுவனுடன் விளையாட்டாக ஆட உட்கார்ந்தார். சிறிது நேரத்தில் அவருடைய முகம் மாறியது. ஓர் ஆட்டத்தில்கூட அவரால் சிறுவனை வெல்ல முடியவில்லை.

இந்த லோவென்தாலை மறந்துவிடாதீர்கள். கதையில் மீண்டும் வருவார்.

சட்டம் தெரியும், வயது இல்லை

மார்பியின் வீட்டார் மகனுடைய திறமையைக் கண்டு மகிழ்ந்தார்கள். ஆனால் அதை ஒரு விளையாட்டாகவே நினைத்தார்கள். நல்ல குடும்பத்துப் பிள்ளை படிக்க வேண்டும். தகப்பனாரைப் போல வக்கீல் ஆக வேண்டும். சதுரங்கம் ஓய்வு நேரத்துப் பொழுதுபோக்கு. அவ்வளவுதான்.

அந்தக் காலத்தில் சதுரங்கம் ஆடிப் பிழைத்தவர்களின் நிலையும் அப்படித்தான் இருந்தது. காப்பிக் கடைகளில் உட்கார்ந்து, சில்லறைப் பந்தயத்துக்கு ஆடி, அரை வயிறு சாப்பிட்டவர்கள் பலர். நீதிபதியின் மகன் அந்த வரிசையில் உட்காரலாமா?

மார்பியும் அதையே நம்பினார். கல்லூரியில் சேர்ந்த பிறகு அவர் அதிகமாகச் சதுரங்கம் ஆடவில்லை. புத்தகமே கதி என்று இருந்தார். பட்டம் பெற்றார். பிறகு சட்டம் படித்தார். 1857-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் சட்டப் பட்டமும் கிடைத்தது. லூசியானா மாநிலத்தின் சட்டத் தொகுப்பு முழுவதும் அவருக்கு மனப்பாடம் என்று சொல்வார்கள்.

ஆனால் ஒரு தடை. அவருக்கு அப்போது 20 வயதுகூட நிறையவில்லை. 21 வயது ஆனால்தான் வக்கீல் தொழில் செய்யலாம். அதற்கு முந்திய ஆண்டுதான் தகப்பனார் காலமாகி இருந்தார். மார்பி வீட்டில் சும்மா இருந்தார்.

அந்தச் சமயத்தில் நியூயார்க்கில் இருந்து ஓர் அழைப்பு வந்தது. அமெரிக்கா முழுவதற்கும் சேர்த்து முதல் சதுரங்கப் போட்டி நடக்கப் போகிறது, வந்து கலந்துகொள்ள வேண்டும் என்று எழுதி இருந்தார்கள். மார்பி முதலில் மறுத்தார். சித்தப்பா வற்புறுத்தினார். கடைசியில் சம்மதித்தார்.

வயது நிறையும் வரை பொழுது போக வேண்டும் அல்லவா? அந்த இடைவெளியில்தான் மார்பி உலகப் புகழ் பெற்றார்!

நான்கு குதிரைகள்

போட்டி 1857-ம் ஆண்டு அக்டோபர் 6-ந் தேதி தொடங்கியது. மொத்தம் 16 பேர். தோற்றவர் வெளியேற வேண்டும். மார்பி மூன்று பேரை வரிசையாகத் தோற்கடித்தார். அந்த மூவரில் ஒருவர்கூட அவரிடம் ஓர் ஆட்டமும் ஜெயிக்கவில்லை. கடைசியில் எதிரே வந்து உட்கார்ந்தவர்தான் பால்சன்.

பால்சன் சாமானியர் அல்ல. பலகையைப் பார்க்காமலே பல ஆட்டங்களை ஒரே நேரத்தில் ஆடக்கூடியவர். ஆனால் மிகவும் மெதுவாக ஆடுவார். அந்தக் காலத்தில் ஆட்டக்காரர்களுக்குக் கடிகாரக் கட்டுப்பாடு கிடையாது. ஒரு காயை நகர்த்த ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்வதும் உண்டு. மார்பி பொறுமையோடு காத்திருப்பார்.

நாம் தொடக்கத்தில் பார்த்தது அவர்கள் ஆடிய ஆறாவது ஆட்டம். அது எப்படிப் போயிற்று என்று பார்ப்போம். வீட்டில் பலகை இருந்தால் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு ஊர் காய்களின் பெயர் மாறும். இங்கே மந்திரி என்பது குறுக்காகப் போகும் காய். யானை என்பது நேராகப் போகும் காய். எந்தப் பக்கமும் எத்தனை கட்டமும் போகக்கூடியது ராணி.

பால்சனுக்கு வெள்ளைக் காய். மார்பிக்குக் கறுப்புக் காய். இருவரும் முதலில் ராஜாவின் முன்னால் உள்ள சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினார்கள். பிறகு இருவரும் தங்கள் இரண்டு குதிரைகளையும் வெளியே கொண்டு வந்தார்கள். பலகையின் நடுவைப் பார்த்து நான்கு குதிரைகள் நின்றன. அதனால் இந்தத் தொடக்கத்துக்கு நான்கு குதிரை ஆட்டம் என்று பெயர். இன்றும் பள்ளிப் பிள்ளைகள் முதலில் கற்றுக்கொள்ளும் தொடக்கங்களில் இதுவும் ஒன்று.

அடுத்து இருவரும் ஒவ்வொரு மந்திரியை வெளியே விட்டார்கள். ராஜாவை ஓரத்துக்குக் கொண்டுபோய், யானையைக் காவலுக்கு நிறுத்திக் கோட்டை கட்டினார்கள். இதுவரை இருவருக்கும் சமம்.

வேறுபாடு அதற்குப் பிறகு வந்தது. பால்சன் தன் குதிரையால் ஒரு சிப்பாயை வெட்டினார். மார்பி அதைப்பற்றிக் கவலைப்படவில்லை. யானையைத் திறந்த வழிக்குக் கொண்டு வந்தார். இழந்த சிப்பாய்க்குச் சமமாகச் சீக்கிரமே ஒரு சிப்பாயை வெட்டினார். அதற்குள் பால்சன் தன் மந்திரியை மட்டும் நான்கு முறை நகர்த்த வேண்டியதாயிற்று. ஒரே காய் அங்கும் இங்கும் அலைந்தது. மற்ற காய்கள் வீட்டிலேயே தூங்கின.

12-வது நகர்த்தலில் மார்பி தன் ராணியைக் கொண்டுபோய், வெள்ளை ராணியின் முன்னால் நின்ற சிப்பாய்க்கு நேர் எதிரே நிறுத்தினார். வாசலில் பாறாங்கல்லைப் போட்டது போல ஆயிற்று. அந்தச் சிப்பாய் நகர முடியவில்லை. அதன் பின்னால் இருந்த மந்திரிக்கும் முக்கிய வழி அடைபட்டது.

பால்சன் தன் ராணியைப் பலகையின் மறு ஓரத்துக்குக் கொண்டு போனார். கறுப்பு ராணியை விரட்டுவது அவர் எண்ணம். அப்போதுதான் மார்பி, அந்த ராணியாலேயே வெள்ளை மந்திரியை வெட்டினார். நான்கு முறை அலைந்த அதே மந்திரி!

பால்சன் ஒரு மணி நேரத்துக்கு மேல் யோசித்தார் என்று சொல்வார்கள். அவருக்கு வேறு வழி இல்லை. சிப்பாயால் ராணியை வெட்டினார். அந்தச் சிப்பாய் நகர்ந்ததும் வெள்ளை ராஜாவின் முன் வாசல் திறந்துகொண்டது.

உடனே மார்பியின் யானை பாய்ந்தது. ராஜாவுக்குச் செக்! ராஜா மூலைக்கு ஓடியது. மார்பியின் மந்திரி வந்து வழி மறித்தது. மீண்டும் செக். மீண்டும் செக். பூனை எலியைத் துரத்துவது போல வெள்ளை ராஜாவை அங்கும் இங்கும் துரத்தினார். தப்பிப்பதற்காகப் பால்சன் தன் ராணியையே திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. 28-வது நகர்த்தலோடு அவர் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

இன்னும் வேகமாக முடிக்கவும் ஒரு வழி இருந்தது என்று பிற்காலத்து நிபுணர்கள் கண்டுபிடித்தார்கள். ஆனாலும் ராணியைக் கொடுத்து ராஜாவைப் பிடித்த அந்தத் துணிவு யாருக்கும் மறக்கவில்லை.

ஆட்டம் முடிந்த பலகையைப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். பால்சனின் ஒரு மந்திரி, ஆட்டம் தொடங்கியபோது நின்ற கட்டத்திலேயே கடைசி வரை நின்றது. ஒரு யானை ஒரு கட்டம் போய்விட்டு மூலைக்கே திரும்பி வந்திருந்தது.

மார்பியின் ரகசியம் இதுதான். ஒரே காயைப் பலமுறை நகர்த்தாதே. ஒவ்வொரு நகர்த்தலிலும் ஒரு புதிய காயை வேலைக்குக் கொண்டு வா. எல்லாக் காய்களும் வெளியே வந்த பிறகு தாக்கு. இன்று உலகம் எங்கும் சதுரங்க வகுப்பில் சொல்லிக் கொடுக்கும் பாடம் இது. யாரும் சொல்லாமலே அதை ஆடிக் காட்டியவர் மார்பி.

பணம் வேண்டாம்

நவம்பர் மாதம் 10-ந் தேதி போட்டி முடிந்தது. மொத்தத்தில் மார்பிக்கு 14 வெற்றி, ஒரே ஒரு தோல்வி. மூன்று ஆட்டங்கள் சமமாக முடிந்தன.

பரிசு கொடுக்க வந்தார்கள். மார்பி பணமாக வாங்க மறுத்துவிட்டார். அதற்குப் பதில் ஒரு வெள்ளிக் கூஜாவும் கோப்பைகளும் தட்டும் வாங்கிக்கொண்டார். சதுரங்கம் ஆடிக் கூலி வாங்கியவன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அதில் அவர் மிகவும் கவனமாக இருந்தார்.

1858-ம் ஆண்டு ஜூன் மாதம் மார்பி இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். லண்டனில் அவருக்கு எதிரே உட்கார்ந்தவர் யார்? பழைய லோவென்தால்! 12 வயதில் பார்த்த சிறுவன் 21 வயது வாலிபனாக வந்திருந்தான். ஒவ்வொரு பக்கமும் 100 பவுன் பந்தயம். மார்பி ஒன்பது ஆட்டங்களில் வென்றார். லோவென்தால் மூன்றில் வென்றார். இரண்டு சமம்.

பந்தயப் பணம் மார்பிக்கு வந்தது. அவர் என்ன செய்தார்? லோவென்தால் அப்போது புது வீட்டுக்குக் குடிபோக இருந்தார். அவருக்கு 120 பவுன் விலை உள்ள மேஜை, நாற்காலி முதலிய சாமான்களை வாங்கி அனுப்பிவிட்டார். வென்ற பணத்தைவிட அதிகம்! தோற்றவர் ஏழை அகதி என்பது ஒரு காரணம். பந்தயப் பணம் தன் கையில் தங்கக் கூடாது என்பது மற்றொரு காரணம்.

இங்கிலாந்தின் பெரிய ஆட்டக்காரர் ஸ்டான்டன். அவரோடு ஆடத்தான் மார்பி முக்கியமாக வந்தார். ஸ்டான்டன் அப்போது ஷேக்ஸ்பியர் நாடகங்களைப் பதிப்பிக்கும் வேலையில் இருந்தார். நாள் கடத்திக்கொண்டே போனார். கடைசி வரை அந்தப் போட்டி நடக்கவில்லை. மார்பிக்கு அது தீராத மனக்குறை.

பாரீஸ் நகரில்

மார்பி பாரீசுக்குப் போனார். ரீஜான்ஸ் என்ற காப்பிக் கடை அங்கே சதுரங்கத்துக்குப் பேர் போன இடம். செப்டம்பர் மாதம் 27-ந் தேதி அங்கே ஒரு வேடிக்கை நடந்தது. எட்டுப் பேர் எட்டுப் பலகைகளோடு உட்கார்ந்தார்கள். மார்பி பலகைகளைப் பார்க்காமல் தனியாக உட்கார்ந்தார். எதிரி எந்தக் காயை நகர்த்தினார் என்று சொல்வார்கள். மார்பி பதில் சொல்வார். பத்து மணி நேரம்! அவர் எதுவும் சாப்பிடவில்லை. தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஆறு பேர் தோற்றார்கள். இரண்டு பேர் சமம் செய்தார்கள். ஜெயித்தவர் யாரும் இல்லை. கூட்டம் அவரைச் சூழ்ந்துகொண்டு ஆர்ப்பரித்தது.

மறுநாள் காலையில் மார்பி தன் செயலாளரை எழுப்பினார். முந்திய நாள் ஆடிய எட்டு ஆட்டங்களையும் முதலில் இருந்து கடைசி வரை ஒப்பித்தார். அவர் எழுதிக்கொண்டார்.

நாடகக் கொட்டகையில் நடந்த ஆட்டம் ஒன்றும் உண்டு. மார்பிக்குச் சங்கீதம் என்றால் உயிர். பிரன்ஸ்விக் பிரபு அவரைப் பாட்டு நாடகம் பார்க்க அழைத்துப் போனார். ஆனால் பிரபுவுக்குச் சதுரங்கப் பைத்தியம். தன் நண்பர் ஒருவரோடு சேர்ந்துகொண்டு, கொட்டகையிலேயே பலகையை விரித்துவிட்டார். மார்பிக்கோ மேடையைப் பார்க்க ஆசை. சீக்கிரம் முடிக்க எண்ணினார் போலும். 17 நகர்த்தல்களில் ராஜாவை மடக்கிவிட்டார். அதிலும் கடைசியில் ராணியைப் பலி கொடுத்தார். பிரபுவின் ஒரு யானையும் ஒரு மந்திரியும் கடைசி வரை வீட்டை விட்டு நகரவே இல்லை. இன்றும் சதுரங்கம் படிக்கிறவர்கள் எல்லாரும் இந்த ஆட்டத்தைப் போட்டுப் பார்க்கிறார்கள்.

டிசம்பர் மாதம் ஜெர்மனியில் இருந்து ஆண்டர்சன் வந்தார். அவர் கணக்கு வாத்தியார். 1851-ம் ஆண்டு லண்டனில் நடந்த சர்வதேசப் போட்டியில் முதலாவதாக வந்தவர். பள்ளிக்கூட விடுமுறையில் வந்திருந்தார். மார்பி அப்போது வயிற்று நோயால் படுத்த படுக்கை. எழுந்து உட்காரவே சிரமம். ஆனாலும் ஆடினார். பந்தயம் எதுவும் இல்லை. மார்பிக்கு ஏழு வெற்றி, ஆண்டர்சனுக்கு இரண்டு வெற்றி, இரண்டு சமம்.

அதற்கு மேல் வெல்ல வேண்டியவர் யாரும் இல்லை!

ஒரு சொல் சுட்டது

1859-ம் ஆண்டு மே மாதம் மார்பி ஊர் திரும்பினார். நியூயார்க்கில் பெரிய வரவேற்பு. பொன்னாலும் வெள்ளியாலும் செய்த சதுரங்கக் காய்களைப் பரிசு அளித்தார்கள். தங்கக் கடிகாரம் கொடுத்தார்கள். முன்னாள் ஜனாதிபதியின் மகன் அவரை உலக வீரர் என்று புகழ்ந்தார்.

அந்த மகிழ்ச்சியிலும் ஒரு முள் இருந்தது. வரவேற்பில் பேசிய ஒருவர், சதுரங்கத்தை ஒரு தொழில் என்று குறிப்பிட்டு, அந்தத் தொழிலில் மார்பி சிறந்தவர் என்று புகழ்ந்தார். மார்பியின் முகம் சுருங்கியது. சதுரங்கம் எனக்குத் தொழில் அல்ல என்று உடனே மறுத்தார். தன் பேச்சிலும், அது ஓய்வு நேரத்துக்கு மட்டுமே உரியது, கடமைகளுக்கு இடையூறாகக் கூடாது என்று வற்புறுத்தினார்.

உலகமே பாராட்டிய திறமையை, அவரே வெளியே சொல்ல வெட்கப்பட்டார். கதையின் துயரம் இங்கேதான் தொடங்குகிறது.

உலகில் யாரோடும் ஒரு சிப்பாயை முன்கூட்டியே விட்டுக்கொடுத்து ஆடத் தயார் என்று மார்பி அறிவித்தார். யாரும் வரவில்லை. சமமாக ஆடும் பந்தயங்களை அவர் விட்டுவிட்டார். இனி வக்கீல் தொழில் என்று முடிவு செய்தார்.

வராத கட்சிக்காரர்கள்

1861-ம் ஆண்டு அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. அடிமை முறையை ஒட்டி வடக்கும் தெற்கும் மோதின. அடுத்த ஆண்டு நியூ ஆர்லியன்ஸ் வடக்குப் படையின் கையில் விழுந்தது. மார்பி கியூபாவுக்கும் பிறகு பாரீசுக்கும் போனார். திரும்பி வந்தபோது ஊர் பழைய ஊராக இல்லை.

அவர் வக்கீல் அலுவலகம் திறந்தார். கதவைத் தட்டிக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். ஆனால் வழக்கோடு வந்தவர்கள் குறைவு. பாரீசில் ஆடிய ஆட்டத்தைப் பற்றிப் பேச வந்தவர்கள் அதிகம்! சதுரங்கக்காரரிடம் யார் வழக்கைக் கொடுப்பார்கள்? எந்தப் பெயர் வேண்டாம் என்று ஒதுக்கினாரோ, அந்தப் பெயர் அவரை விடவில்லை. எந்தப் பெயர் வேண்டும் என்று விரும்பினாரோ, அது வரவே இல்லை.

அலுவலகத்தை மூடினார். தகப்பனார் வைத்துவிட்டுப் போன சொத்து இருந்தது. அதில் காலம் தள்ளினார். சதுரங்கம் என்ற பேச்சை எடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கொஞ்சம் கொஞ்சமாக மனம் நோயுற்றது. தன் சொத்தை உறவினர் ஏமாற்றிவிட்டார் என்று கோர்ட்டுக்குப் போனார். வழக்கு நிற்கவில்லை. யாரோ விஷம் வைக்கப் போகிறார்கள் என்று அஞ்சினார். தாயும் தங்கையும் கொடுத்த உணவைத் தவிர வேறு எதையும் தொட மாட்டார். ஒரு சமயம் வீட்டார் அவரை மனநோய் விடுதிக்கு அழைத்துப் போனார்கள். அங்கே மார்பி தன்னை அடைத்து வைக்கச் சட்டப்படி வழி இல்லை என்று அழகாக வாதாடினார். விடுதியை நடத்திய கன்னியாஸ்திரிகள் அவரை ஏற்க மறுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சட்டம் படித்த படிப்பு அன்று பயன்பட்டது!

ஆனாலும் அவர் யாருக்கும் தீங்கு செய்தது இல்லை. தினமும் கோவிலுக்குப் போவார். நன்றாக உடுத்திக்கொண்டு கடைத்தெருவில் உலாவுவார். இரவில் பாட்டு நாடகம் பார்ப்பார்.

1883-ம் ஆண்டு ஸ்டெயினிட்ஸ் என்ற பிரபல ஆட்டக்காரர் அந்த ஊருக்கு வந்தார். மார்பியைப் பார்க்க மிகவும் ஆசைப்பட்டார். சதுரங்கத்தைப் பற்றிப் பேசக் கூடாது என்ற நிபந்தனையின் பேரில் சந்திப்புக்கு இசைவு கிடைத்தது. இருவரும் தெருவில் சிறிது நேரம் நின்று பேசினார்கள். பிரிந்து போனார்கள். உலகின் இரண்டு பெரிய சதுரங்க வீரர்கள் சந்தித்தார்கள். சதுரங்கத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை!

கடைசி நாள்

1884-ம் ஆண்டு ஜூலை மாதம் 10-ந் தேதி. கடுமையான வெயில். மார்பி வழக்கம் போல் உலாவிவிட்டு நடுப்பகலில் வீடு திரும்பினார். உடல் கொதித்துக்கொண்டிருந்தது. குளிர்ந்த நீரில் குளிக்கப் போனார். வெகுநேரம் ஆகியும் வெளியே வரவில்லை. தாயார் போய்ப் பார்த்தார். தொட்டியில் மார்பி பிணமாகக் கிடந்தார். வயது 47. மூளையில் ரத்தம் தேங்கியதே காரணம் என்று வைத்தியர்கள் கூறினார்கள்.

அவர் வளர்ந்ததும் இறந்ததும் ஒரே வீட்டில். ராயல் தெருவில் அந்த வீடு இன்றும் நிற்கிறது. இப்போது அது ஓர் உணவு விடுதி.

மார்பி இறந்து இரண்டு ஆண்டு நிறையவில்லை. 1886-ம் ஆண்டு உலகச் சதுரங்கப் பட்டத்துக்கான முதல் போட்டி நடந்தது. ஸ்டெயினிட்சும் சுகர்டோர்ட்டும் ஆடினார்கள். ஒவ்வொரு பக்கமும் 2,000 டாலர் பந்தயம். போட்டி மூன்று ஊர்களில் நடந்தது. அது முடிந்த இடம் எது? நியூ ஆர்லியன்ஸ்! ஸ்டெயினிட்ஸ் வென்றார். சதுரங்கம் தன் தொழில் என்று சொல்ல அவர் வெட்கப்படவில்லை. மார்பியின் ஊரிலேயே அவர் உலக வீரர் ஆனார்.

மார்பியின் வீட்டார் கெட்டவர்கள் அல்ல. மகன் கௌரவமாக வாழ வேண்டும் என்றுதான் ஆசைப்பட்டார்கள். மார்பியும் நல்ல மகனாகத்தான் நடந்துகொண்டார். அவருடைய மனநோய்க்கு இது ஒன்றே காரணம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் தன் கையில் இருந்த பெரிய வித்தையை ஒளித்து வைக்க வேண்டிய குறையாக நினைத்து அவர் 25 ஆண்டுகள் வாழ்ந்தார் என்பது உண்மை.

பிள்ளைகளுக்குச் சதுரங்கம் சொல்லிக் கொடுக்கும்போது, எல்லாக் காய்களையும் வெளியே கொண்டு வர வேண்டும் என்கிறோம். வீட்டிலேயே நின்றுவிட்ட காய், ஆட்டத்தில் இல்லாத காய்க்குச் சமம். பால் மார்பி ஆடிக் காட்டிய பாடம் அது. பலகையில் அவர் அதை ஒரு நாளும் மறந்தது இல்லை.